தேய்மானம் என்னும் தீர்ப்பு: பாத மூட்டு நோயை மருத்துவம் புரிந்துகொண்ட வரலாறு

காலின் பெருவிரல் அடியில் வலி என்று புறநோயாளிப் பிரிவுக்கு வரும் கட்டடத் தொழிலாளிக்கும், நடுப்பாதம் வீங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், பழைய எலும்பு முறிவுக்குப் பின் கணுக்கால் இறுகிப்போன பேருந்து ஓட்டுநருக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "தேய்மானம்." இச்சொல் நோயின் பெயராகவும், அதன் காரணமாகவும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் தீர்ப்பாகவும் ஒருங்கே இயங்குகிறது. வண்டிச் சக்கரம் தேய்வதுபோல மூட்டும் தேய்கிறது, உழைத்த உடலுக்கு அது இயல்பு என்பதே அதன் உட்பொருள்.

இந்த உருவகம் எங்கிருந்து வந்தது, எந்தச் சான்றுகள் அதைத் தாங்கின, எவை அதை உடைத்தன என்பதை அறியப் பாதத்தைவிடப் பொருத்தமான உறுப்பு வேறில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. உடலின் முழு எடையும் ஒவ்வோர் அடியிலும் அவற்றின் வழியே நிலத்தில் இறங்குகிறது. தேய்மானம் மட்டுமே காரணமென்றால் அம்மூட்டுகள் யாவும் ஒருசேர அழிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. சில மூட்டுகள் இளமையிலேயே கெடுகின்றன. சில எண்பது வயதிலும் பழுதின்றி இருக்கின்றன. இந்தச் சமமின்மைக்கு விளக்கம் தேடிய முயற்சியே ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டுத் தேய்வு நோய் பற்றிய அறிவின் வரலாறு.

1. வாதமும் இடறிய காலடியும்

இந்திய மருத்துவ மரபில் மூட்டு நோய்கள் வாதத்தின் கணக்கில் எழுதப்பட்டன. சரக சம்ஹிதையும் சுஸ்ருத சம்ஹிதையும் மூட்டுகளில் தங்கிய வாதத்தை, அதாவது சந்திகத வாதத்தை, தனியே குறிப்பிடுகின்றன. வலி, வீக்கம், மடக்கி நீட்டும்போது வேதனை, தொட்டால் காற்றடைத்த தோற்பையைப் போன்ற உணர்வு ஆகியவை அங்கே சொல்லப்படும் அடையாளங்கள். வாதரத்தம் என்பது மற்றொரு நோய். அது கைகால்களின் சிறு மூட்டுகளில் தொடங்கிப் பரவுவது. அதற்கு ஆட்யவாதம், அதாவது செல்வந்தரின் வாதம், என்றும் ஒரு பெயருண்டு. பிற்கால ஆய்வாளர் பலர் அதைக் கவுட் நோயுடன் ஒப்பிட்டுள்ளனர்.

பாதத்தைப் பொறுத்தவரை கூர்ந்து நோக்கத்தக்கது வாதகண்டகம் என்னும் பகுப்பு. சமனற்ற தரையில் காலைப் பிசகாக வைப்பதால் கணுக்கால், குதிகால் பகுதியில் எழும் வலி என்று சுஸ்ருதம் அதை விளக்குகிறது. தோஷக் கோட்பாட்டின் மொழிக்குள்ளேயே இயந்திரவியல் சார்ந்த ஒரு காரணம் இங்கே இடம்பெற்றுவிடுகிறது. தமிழ்ச் சித்த மரபு கீல்வாயுக்களை வளி, அழல், ஐயம் எனப் பிரித்தது. இன்றைய சித்த மருத்துவக் கல்வி அழல் கீல்வாயுவை மூட்டுத் தேய்வு நோயுடன் இணைத்துப் பேசுகிறது.

இத்தகைய ஒப்பீடுகளில் எச்சரிக்கை தேவை. பழைய நூல்களின் நோய்ப் பகுப்பு அறிகுறிகளையும் தோஷங்களையும் அடிப்படையாகக் கொண்டது. இன்றைய பகுப்பு திசுக்களையும் எக்ஸ் கதிர்ப் படத்தையும் அடிப்படையாகக் கொண்டது. ஒன்றின் பெயரை மற்றொன்றின் மேல் ஒட்டினால் இரண்டும் மங்கிவிடும். ஆயினும் ஒரு செய்தி உறுதி. மூட்டு நோய் என்பது ஒன்றல்ல, பல. காலை வைக்கும் விதத்திற்கும் வலிக்கும் தொடர்புண்டு என்னும் இரு கருத்துகளும் இங்கே புதியவையல்ல.

2. பெருவிரலைக் கவுட் ஆண்ட காலம்

ஐரோப்பாவில் பாத மூட்டு வலியென்றால் நெடுங்காலம் கவுட்தான். கிரேக்கர் அதற்கு இட்ட பெயரான பொடாக்ரா என்பதற்குக் காலைப் பிடிக்கும் பொறி என்பது பொருள். பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கினால் அது மதுவும் மாமிசமும் மிகுந்த மேல்தட்டு வாழ்க்கையின் நோய் என்று கருதப்பட்டது. உழைப்பவரின் காலிலும் அதே மூட்டு மெல்ல மெல்ல இறுகிக் கெடலாம் என்பதற்கு அந்தக் கருத்துலகில் இடம் குறைவு.

மாற்றம் மூன்று திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, உடற்கூற்றியல். 1743இல் வில்லியம் ஹன்டர் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் அதன் நோய்களையும் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்னும் கருத்து அங்கே பதிவானது. இன்றும் அது மூட்டு மருத்துவத்தின் அடிப்படைச் சிக்கலாக நீடிக்கிறது. இரண்டாவது, மருத்துவரின் நோக்கு. வில்லியம் ஹெபர்டன் விரல் மூட்டுகளில் தோன்றும் கடினமான முடிச்சுகளை விவரித்து, அவற்றிற்கும் கவுட்டுக்கும் தொடர்பில்லை என்றார். அவர் இறந்த பின் 1802இல் வெளியான நூலில் அக்குறிப்பு உள்ளது. மூன்றாவது, வேதியியல். ஆல்ஃபிரட் பேரிங் காரட் 1848இல் கவுட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். கவுட்டுக்கு ஒரு வேதிப்பொருள் கிடைத்ததும், அப்பொருள் மிகாத மூட்டு நோய்கள் தனியே நின்றன.

அவற்றிற்குப் பெயர் சூட்டும் வேலை எளிதாக முடியவில்லை. பாத் நகர மருத்துவர் ஜான் கென்ட் ஸ்பெண்டர் 1889இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பது பொதுவாக முடக்குவாத மூட்டழற்சி என்று அழைக்கப்படும் நோய் என அறிவித்தது. இன்று எதிரெதிரே வைத்துக் கற்பிக்கப்படும் இரு நோய்களும் அன்று ஒரே நோயின் இரு பெயர்கள். 1909இல் பாஸ்டனில் நிக்கல்ஸ், ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் திசுவியல் சான்றுகளைக் கொண்டு அவற்றைப் பிரித்தனர். ஒன்று மூட்டுச் சவ்வின் பெருக்கத்தில் தொடங்குவது. மற்றொன்று குருத்தெலும்பின் சிதைவில் தொடங்குவது. சிதைவு என்னும் கருத்து அறிவியலின் மேடைக்கு வந்த தருணம் அதுவே. தேய்மானம் என்னும் பேச்சுவழக்கு அதன் நிழலில் வளர்ந்தது.

3. 1887: இறுகிய பெருவிரல்

பாதத்தின் மூட்டுத் தேய்வுக்குத் தனி வரலாறு 1887இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் லண்டனில் டேவிஸ் காலி, எடின்பரோவில் காட்டரில் ஆகிய இரு அறுவை மருத்துவர்கள் பெருவிரல் அடிமூட்டு இறுகிப்போகும் நிலையைத் தனித்தனியே விவரித்தனர். காட்டரில் வழங்கிய ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்னும் பெயரே நிலைத்தது. இறுகிய பெருவிரல் என்பது அதன் நேர்ப்பொருள்.

இங்கே கவனிக்க வேண்டியது காட்டரில் கண்டவர்களின் வயது. அவர் எழுதியது வளரிளம் பருவத்தினரைப் பற்றி. முதுமையின் நோய் என்று பின்னர் முத்திரை குத்தப்பட்ட ஒன்று, பாதத்தில் முதன்முதலாக இளையோரிடமே மருத்துவரின் கண்ணில் பட்டது. வயது ஒன்றே காரணம் என்னும் வாதத்துக்கு எதிரான சான்று அந்த வாதம் வேரூன்றும் முன்பே அச்சாகியிருந்தது.

காரணம் தேடும் முயற்சி அதன்பின் எலும்பின் அமைப்பை நோக்கித் திரும்பியது. 1938இல் லாம்பிரினுடி, பெருவிரலுக்குரிய நீளெலும்பு இயல்பைவிட உயர்ந்து நிற்பதே காரணம் என்றார். நடக்கையில் பாதம் தரையைத் தள்ளி எழும் கணத்தில் பெருவிரல் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். நீளெலும்பு உயர்ந்திருந்தால் மூட்டின் மேல்விளிம்பில் எலும்போடு எலும்பு முட்டும். விளக்கம் எளிதில் மனத்தில் பதியக்கூடியது. ஆறு பத்தாண்டுகள் அது பாடநூல்களில் வாழ்ந்தது. 2003இல் கக்லின், ஷர்னாஸ் ஆகியோர் வெளியிட்ட நீண்டகாலத் தொடராய்வு அந்த உயரத்துக்கும் நோய்க்கும் காரணத் தொடர்பைக் காணவில்லை. காலணியோடும் தொழிலோடும்கூடத் தொடர்பு தெரியவில்லை. குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு இரு பாதங்களிலும், அடிபட்ட வரலாறு உள்ளவர்களுக்கு ஒரு பாதத்திலும் நோய் வருவது தெரிந்தது. மரபும் காயமும் முன்னே வந்தன. வடிவம் பற்றிய அழகிய கோட்பாடு பின்னே சென்றது.

4. லாகூரின் எலும்புகள்

காட்டரில் எழுதிய ஆறு ஆண்டுகளுக்குப் பின், இந்தியாவிலிருந்து ஒரு சான்று வந்தது. லாகூர் மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் பேராசிரியர் ஹேவலாக் சார்ல்ஸ், பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்கால் எலும்பும் அதன் கீழுள்ள தாலஸ் என்னும் கணுவெலும்பும் சந்திக்கும் முன்விளிம்பில், ஐரோப்பியரிடம் அரிதாகக் காணப்படும் வழவழப்பான சிறு பரப்புகளை அவர் கண்டார். நாள்தோறும் குந்தி அமரும் வழக்கமே அவற்றிற்குக் காரணம் என்று விளக்கினார். ஆர்தர் தாம்சன் 1889இல் முன்வைத்த கருத்துக்கு அது விரிவான ஆதாரமாயிற்று. 1959இல் இந்தர்பீர் சிங் இந்தியரின் எலும்புகளில் அதே பரப்புகளை மீண்டும் ஆராய்ந்து எழுதினார்.

இந்த ஆய்வை அது பிறந்த சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும். காலனிய உடற்கூற்றியல் இந்திய உடலை இன வகையின் மாதிரியாகச் சேகரித்தது. சார்ல்ஸும் 1894இல் அடுத்த கட்டுரைக்குச் சென்று, வாழ்நாளில் ஈட்டிய பண்புகள் வழிவழியாக இறங்கும் என்னும் கோட்பாட்டுக்கு அந்த எலும்புகளைச் சான்றாக்க முயன்றார். பிற்கால மரபியல் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆயினும் அவர் கண்ட அடிப்படைச் செய்தி நிலைத்தது. மூட்டின் பரப்பு பயன்பாட்டுக்கு ஏற்ப அமைகிறது. குந்தி அமர்ந்தவரின் கணுக்கால் தேயவில்லை. அது தன்னைத் தகவமைத்துக்கொண்டது. இயந்திர உறுப்பு பயன்பாட்டால் குறையும். உயிருள்ள உறுப்பு பயன்பாட்டுக்கு விடையளிக்கும். தேய்மான உருவகத்தின் பெருங்குறை லாகூரின் ஆய்வு மேசையிலேயே தெரிந்திருக்கக் கூடியது. ஆனால் அந்த எலும்புகள் இன வேறுபாட்டின் பேரேட்டில் வரவு வைக்கப்பட்டன. மூட்டு நோயின் பேரேட்டுக்கு அவை வந்து சேரவில்லை.

5. காலணி மீது சுமத்தப்பட்ட குற்றம்

இருபதாம் நூற்றாண்டில் பாத நோய்களுக்கெல்லாம் ஒரு குற்றவாளி தேடப்பட்டபோது, விரல் காலணியை நோக்கி நீண்டது. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரின் உலகக் கண்காட்சிக்குப் பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களிலிருந்து பழங்குடியினர் கொண்டுவரப்பட்டுக் காட்சிப் பொருளாக்கப்பட்டனர். அங்கே அவர்களின் வெறும் பாதங்களை அளந்த பில் ஹாஃப்மன், 1905இல் காலணி அணிவோரின் பாதங்களோடு ஒப்பிட்டு எழுதினார். விரிந்த விரல்களும் நெகிழ்ந்த மூட்டுகளும் வெறுங்காலின் இயல்பு, நெருக்கிய விரல்கள் காலணியின் விளைவு என்பது அவர் முடிவு. 1958இல் ஹாங்காங்கில் சிம் ஃபூக், ஹாட்ஜ்சன் ஆகியோர் காலணி அணிந்த சீனரிடம் 33 விழுக்காட்டினருக்கும், அணியாதவரிடம் 1.9 விழுக்காட்டினருக்கும் பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைக் கண்டனர்.

இந்தியாவில் இக்கேள்வியை முறையாக எழுப்பியது மணிப்பால் ஆய்வு. 1992இல் உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகியோர் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்தனர். காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. 1995இல் 1,846 வளர்ந்தோரிடம் நடந்த தொடர் ஆய்வு, ஷூ அணியத் தொடங்கிய வயதுக்கும் தட்டைப் பாதத்துக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தது. ஐரோப்பியப் பாதமே அளவுகோல் என்னும் நெடுநாள் வழக்கத்தை இந்த ஆய்வுகள் தலைகீழாக்கின. ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட வெறுங்கால், அமைப்பில் குறைபாடு குறைந்த பாதமாக வெளிப்பட்டது.

அண்மைக்காலத் தொல்லியலும் இதே திசையைக் காட்டுகிறது. கேம்பிரிட்ஜ் நகரின் நான்கு இடுகாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டோரில் 6 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்ட பெருவிரல் சாய்வு, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் 27 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் நுனி கூரிய காலணி நாகரிகமாகியிருந்தது.

எனினும் இச்சான்றுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிய வேண்டும். பெருவிரல் சாய்வும் தட்டைப் பாதமும் வடிவக் குறைகள். மூட்டுத் தேய்வு நோய் என்பது வேறு. சாய்ந்த விரலில் மூட்டின் சுமை இடம்மாறுவதால் பின்னாளில் நோய் தோன்றும் வாய்ப்புண்டு. ஆனால் வடிவக் குறை உள்ள ஒவ்வொரு பாதமும் நோயுறுவதில்லை. இறுகிய பெருவிரலில் காலணித் தொடர்பு தெரியவில்லை என்னும் 2003 முடிவையும் உடன்வைத்துப் பார்த்தால், காலணி வடிவத்தை மாற்றும் ஆற்றலுடையது, நோயின் முழுப் பொறுப்பையும் அதன்மேல் ஏற்றச் சான்றில்லை என்னும் அளவான முடிவே எஞ்சுகிறது. வெறுங்காலைப் போற்றும் எழுத்துகள் மறக்கும் மற்றொன்றும் உண்டு. முள்ளும் புழுவும் ஆறாப் புண்ணும் வெறுங்கால் உழைப்பாளியின் வரலாற்றில் சேர்ந்தவை.

6. கணுக்கால் எழுப்பும் புதிர்

தேய்மானக் கோட்பாட்டுக்குக் கடினமான சோதனை கணுக்கால். இடுப்பு, முழங்கால் இரண்டையும்விடச் சிறிய பரப்பில் அது உடலைத் தாங்குகிறது. அதன் குருத்தெலும்பு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு மட்டுமே கொண்டது. முழங்காலில் அது பல மடங்கு தடித்த இடங்கள் உள்ளன. சுமையும் மெலிவுமே அழிவைத் தருமென்றால் கணுக்கால்தான் முதலில் வீழ வேண்டும். நடைமுறையில், முந்தைய காயமின்றித் தானே தோன்றும் தேய்வு நோய் கணுக்காலில் அரிது.

2005இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து வெளியான ஆய்வு, முற்றிய கணுக்கால் மூட்டு நோயுடன் வந்த 639 பேரை வகைப்படுத்தியது. 70 விழுக்காட்டினருக்கு முந்தைய காயமே காரணம். 12 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம். காரணம் அறியப்படாதவர்கள் 7 விழுக்காட்டினர். காயம் எவ்வாறு இதைச் செய்கிறது என்பதற்கு 1976இல் ராம்சே, ஹாமில்டன் ஆகியோர் நடத்திய எளிய சோதனை விடை தந்திருந்தது. தாலஸ் எலும்பு ஒரு மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு 42 விழுக்காடு குறைகிறது. சுமை மாறவில்லை; அதைத் தாங்கும் இடம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் பிசகி ஒட்டிய எலும்பு முறிவு, பல ஆண்டுகளுக்குப் பின் மூட்டு அழிவாக முடியும் பாதை இதுவே.

நடுப்பாதத்திலும் இதற்கிணையான கதை உண்டு. நெப்போலியன் காலப் படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ழாக் லிஸ்ஃப்ராங்கின் பெயரால் வழங்கும் மூட்டு வரிசையில் ஏற்படும் காயம், முதற்பார்வையில் சுளுக்காகத் தோன்றி எளிதில் தவறவிடப்படுவது. எக்ஸ் கதிர்ப் படத்திலும் அது நுண்ணிய இடைவெளியாக மட்டுமே தெரியலாம். சுளுக்கு என்று ஒதுக்கப்பட்ட அக்காயம், பின்னாளில் நடுப்பாதத் தேய்வு நோயாகித் திரும்பி வருகிறது. அப்போது அதற்கும் தேய்மானம் என்றே பெயரிடப்படுகிறது. முதற்காயத்தின் வரலாறு அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

சுமைக்கும் அழிவுக்கும் இடையே நிற்கும் காவலன் வலி என்பதை மற்றொரு வழியில் காட்டியவை உணர்விழந்த பாதங்கள். 1868இல் ஜான் மார்ட்டின் ஷார்கோ நரம்பு நோயால் மூட்டுகள் சிதைவதை விவரித்தார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதம் அழுகிய சதையால் அழிவதில்லை, வலியுணர்வு இல்லாததால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தத்தால் அழிகிறது என்று நிறுவினார். நலமான பாதம் ஒவ்வோர் அடியிலும் தன்னையறியாமல் சுமையை இடம்மாற்றிக்கொள்கிறது. அந்த உரையாடல் அறுந்தால் இளம் மூட்டும் நொறுங்குகிறது.

7. திசு சொன்ன செய்தி

எக்ஸ் கதிர் 1895இல் கண்டறியப்பட்ட பின் மூட்டு நோய் படத்தில் படிக்கத்தக்கதாயிற்று. 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் ஆகியோர் வகுத்த சுழியம் முதல் நான்கு வரையிலான தரவரிசை உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் லீ நகரில் 55 முதல் 64 வயது வரையிலான 85 பேரின் படங்கள் அதற்கு அடிப்படை. கை, மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் மூட்டுகள் அக்கட்டுரையில் அளக்கப்பட்டன. பாதத்தின் மூட்டுகள் அதில் இடம்பெறவில்லை. அளக்கப்பட்ட உறுப்பே ஆராயப்படுகிறது. பாதத்துக்கெனத் தனிப் படத்தொகுப்பு ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலிருந்து 2007இல்தான் வந்தது. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரு படங்கள் எடுத்தாலொழிய நோயின் ஒரு பகுதி கண்ணுக்குத் தப்பும் என்பதை அது வலியுறுத்தியது.

படம் நிழலைத்தான் காட்டும். திசு வேறொரு கதை சொன்னது. 1970ஆம் ஆண்டையொட்டி ஹென்றி மாங்கினும் அவருடன் பணியாற்றியோரும் நோயுற்ற குருத்தெலும்பின் உயிரணுக்கள் செயலிழந்து கிடக்கவில்லை, மாறாக மும்முரமாக இயங்குகின்றன என்று காட்டினர். அவை பிரிந்து பெருகின. இயல்பைவிட அதிகமாகப் புதிய பொருளை உருவாக்கின. சிதைவு அந்த ஆக்கத்தைவிட விரைவாக நடந்ததே நோய். தேயும் சக்கரம் தன்னைச் செப்பனிட முயல்வதில்லை. இம்மூட்டு முயன்று தோற்றது.

இன்றைய புரிதலில் நோயின் போக்கு ஏறத்தாழப் பின்வருமாறு அமைகிறது. காயத்தாலோ, மரபாலோ, சுமை இடம்மாறியதாலோ குருத்தெலும்பின் மேற்பரப்பு நார்நாராகப் பிரிகிறது. அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே இக்கட்டம் வலியின்றிக் கடக்கலாம். உடைந்த துகள்களும் நொதிகளும் மூட்டுநீரில் கலக்க, மூட்டுச் சவ்வு அழற்சியுற்று வீங்குகிறது. குருத்தெலும்பின் கீழுள்ள எலும்பு இறுகித் தடிக்கிறது. சில இடங்களில் சிறு குழிகள் தோன்றுகின்றன. விளிம்புகளில் புதிய எலும்பு முளைக்கிறது. பெருவிரல் மூட்டில் அது முதுகுப்புறத்தில் மேடாக எழுகிறது. தொடக்கத்தில் விரலை முழுதும் மேலே மடக்கும்போது மட்டும் வலி. பிறகு ஒவ்வோர் அடியிலும் வலி. இறுதியில் அசைவே இல்லாத மூட்டு. அதற்குள் நடப்பவர் பாதத்தின் வெளிவிளிம்பில் எடையைச் சாய்த்து நடக்கப் பழகிவிடுகிறார். ஒரு மூட்டின் நோய் முழு நடையின் நோயாகிறது. நடுப்பாத மூட்டுகளில் வளைவு மெல்லச் சரிந்து, காலணியின் வாரில் உரசும் எலும்பு மேடுகளாக அது வெளிப்படுகிறது.

இப்போக்கு ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. ஆண்டுக்கணக்கில் நகராமல் நின்றுவிடும் மூட்டுகளும் பல. படத்தில் முற்றிய நோயுடன் வலியின்றி நடப்போரும் உண்டு. படத்தில் சிறு மாற்றமே தெரிய, தாங்கொணா வலியில் தவிப்போரும் உண்டு. கணுக்கால் குருத்தெலும்பின் அமைப்பு முழங்காலினதைவிட இறுக்கமானது, அழற்சியின் தூண்டுதலுக்கு எளிதில் இணங்காதது என்று பின்னாளைய உயிர்வேதியியல் ஆய்வுகள் காட்டின. மேலே கண்ட புதிருக்கு அங்கே ஒரு பகுதி விடை கிடைத்தது.

8. யாருடைய பாதம்

மகாராஷ்டிரத்தில் புனேக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில் அரவிந்த் சோப்ராவின் தலைமையில் 1996இல் நடந்த கணக்கெடுப்பு, இந்தியக் கிராமத்தின் மூட்டு நோய்களை வீடுவீடாகச் சென்று எண்ணிய முன்னோடி முயற்சி. 4,092 வளர்ந்தோரில் 5.8 விழுக்காட்டினருக்கு மூட்டுத் தேய்வு நோய் இருந்தது, முடக்குவாதம் 0.5 விழுக்காட்டினருக்கு. மருத்துவமனைக்கு வராத வலி எவ்வளவு பரந்தது என்பதை அது காட்டியது. அதன்பின் இந்தியாவில் இந்நோயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முழங்காலைச் சுற்றியே நிகழ்கிறது. ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு முழங்கால் தேய்வு நோயை 28.7 விழுக்காடு எனக் கணக்கிட்டது. மாற்று மூட்டு பொருத்தும் வணிகமும் முழங்காலையே வெளிச்சத்தில் நிறுத்துகிறது.

பாதத்தைத் தனியே எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு இங்கிலாந்தின் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு விடை தருகிறது. 50 வயதைக் கடந்தோரில் 16.7 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, வலியும் படச்சான்றும் சேர்ந்த பாத மூட்டுத் தேய்வு நோய் இருந்தது. பெருவிரல் அடிமூட்டு 7.8 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. நோயுற்றோரில் நான்கில் மூவர் அன்றாட வாழ்வு தடைபடும் அளவு துன்புற்றனர். பெண்களிடமும் சமூகப் பொருளாதார நிலையில் தாழ்ந்தோரிடமும் நோய் மிகுந்திருந்தது.

இந்தக் கடைசிச் செய்தி தேய்மானம் என்னும் சொல்லுக்குத் திரும்ப வைக்கிறது. முதுமை அனைவருக்கும் பொது. இந்நோயின் பங்கீடு பொதுவானதன்று. எந்தக் காயம் உரிய நேரத்தில் படமெடுக்கப்பட்டது, எந்த முறிவு ஒரு மில்லிமீட்டர் பிசகின்றிச் சேர்க்கப்பட்டது, யாருக்கு ஆறு வாரம் காலூன்றாமல் இருக்க ஊதியத்துடன் விடுப்புக் கிடைத்தது, யார் மூன்றாம் நாளே செங்கல் சுமக்கத் திரும்பினார் என்பவை இந்நோயின் காரணங்களில் அடங்கும். இவற்றை உயிரியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. சக்கர உருவகம் இவை யாவற்றையும் காலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

சொல்லை மாற்றினால் நோய் மாறிவிடாது. ஆனால் கேள்வி மாறும். தேய்மானம் என்றால் "எத்தனை வயது?" என்று கேட்டு முடித்துவிடலாம். காயத்துக்கு விடையளிக்க முயன்று தோற்ற உயிருள்ள மூட்டு என்றால், எப்போது அடிபட்டது, அப்போது என்ன செய்யப்பட்டது, குடும்பத்தில் யாருக்கு இருந்தது, நாள் முழுதும் எந்தத் தரையில் நின்று வேலை என்று கேட்டாக வேண்டும். 1887இல் காட்டரில் இளையோரின் பாதத்தைப் பார்த்ததும், 1893இல் லாகூரின் எலும்புகள் தகவமைப்பைக் காட்டியதும், 1976இல் ஒரு மில்லிமீட்டரின் விலை அளக்கப்பட்டதும் இந்தக் கேள்விகளை நோக்கியே மருத்துவத்தை நகர்த்தின. புறநோயாளிப் பிரிவின் ஒற்றைச் சொல் விடை அந்த வரலாற்றை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.